மின்விசையின் கணக்கு

கண்ணாடியைப் பட்டினால் தேய்த்தால் ஒருவகை மின்னூட்டமும், அரக்கைக் கம்பளியால் தேய்த்தால் மற்றொருவகை மின்னூட்டமும் உண்டாகின்றன என்பதையும், ஓரின மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்க, வேற்றின மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்பதையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். 1733ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் து ஃபே என்பவர் கண்டறிந்த இவ்வுண்மை, மின்சாரத்தின் குணத்தைக் கூறுகிறதேயன்றி அதன் அளவைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. விலக்குகிறது என்றால் எவ்வளவு வலுவுடன் விலக்குகிறது, இரு பொருள்களையும் இன்னும் சற்று அகற்றி வைத்தால் அந்த வலு எந்தக் கணக்கில் குறைகிறது, ஒன்றில் இருக்கும் மின்னூட்டத்தைப் பாதியாக்கினால் என்ன நேர்கிறது என்னும் கேள்விகளுக்கு ஐயமற்ற விடை அச்சேறி உலகத்தார் கைக்கு வருவதற்கு மேலும் அரை நூற்றாண்டுக்கு அதிகமாகவே ஆயிற்று.

அவ்விடை இன்று பள்ளிப் புத்தகங்களில் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. இரண்டு மின்னூட்டங்களுக்கு இடையே உள்ள விசை, அவ்விரு மின்னூட்டங்களின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்திலும், அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். அதுவே கூலூம் விதி. மாணாக்கர்கள் இவ்வாக்கியத்தை மனனம் செய்து, கொடுக்கப்பட்ட எண்களை இட்டுக் கணக்குப் போட்டு, விடைத்தாளில் இருமுறை அடிக்கோடிட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் 'வர்க்கம்' என்று எப்படித் தெரிந்தது, அது 2.1ஆம் அடுக்கோ 1.9ஆம் அடுக்கோ அன்று, சரியாக 2ஆம் அடுக்கே என்று எவர் எதைக் கொண்டு நிச்சயித்தார் என்று கேட்பவர்கள் சிலரே. இவ்விதிக்குப் பெயர் தந்த பெரியவரின் கட்டுரையில் தூரத்தைப் பற்றி உள்ள விலகல் அளவைகள் மொத்தம் மூன்றுதான் என்று சொன்னால், பலருக்கு வியப்பாக இருக்கக்கூடும்.

அந்தக் காலத்தவர் இவ்விஷயத்தில் தடுமாறியதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. தேய்த்துப் பெற்ற மின்னூட்டம் நிலைத்து நிற்பதன்று. காற்றில் ஈரம் இருந்தால் சில நிமிடங்களில் கசிந்து போய்விடும். அளக்கத் தொடங்கும்போது இருந்த அளவு அளந்து முடிக்கும்போது இருப்பதில்லை. அதற்கும் மேலாக, மின்னூட்டமே பெறாத சாதாரணப் பொருள்களும், அதாவது காகிதத் துணுக்குகளும் தூசியும் வைக்கோலும், மின்னூட்டம் பெற்ற பொருளை நோக்கி ஓடிவருகின்றன. இவ்விரண்டாவது நிகழ்ச்சி முதலாவதைவிடக் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதாகையால், பலர் அதையே அளக்க முற்பட்டு, ஒன்றுக்கொன்று ஒவ்வாத முடிவுகளைக் கண்டு சோர்ந்தனர். அந்த ஈர்ப்பு மூலவிதியின் பயனேயன்றி மூலவிதி அன்று என்பதை நாம் சற்றுப் பின்னர்க் காண்போம்.

தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்ற எண்ணம் மட்டும் யாருக்கும் புதிதன்று. பூமியும் சந்திரனும் ஒன்றையொன்று அவ்விதமே ஈர்க்கின்றன என்று நியூட்டன் 1687இல் நிலைநாட்டியிருந்தார். அதிலுள்ள க்ஷேத்திரகணிதமும் எளியதே. ஒரு விளக்கின் ஒளி எல்லாத் திசைகளிலும் பரவும்போது, ஒரு முழ தூரத்தில் ஒரு சிறு பலகையின் மேல் விழும் ஒளி, இரண்டு முழ தூரத்தில் நீளத்திலும் அகலத்திலும் இருமடங்கான பரப்பின் மேல், அதாவது நான்கு மடங்கு பரப்பின் மேல் விரிந்துவிடுவதால், அங்கே அதன் செறிவு நான்கில் ஒன்றாகிறது. மூன்று முழத்தில் ஒன்பதில் ஒன்றாகிறது. ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்டு, வழியில் அழியாமலும் புதிதாகத் தோன்றாமலும், மூன்று பரிமாணமுள்ள ஆகாயத்தில் சமமாகப் பரவும் எதுவும் இக்கணக்குக்கு உட்பட்டே தீரவேண்டும். ஆனால் மின்விசை அத்தகையது என்பதை யார் சொன்னது? அது அனுமானமேயன்றி நிரூபணம் அன்று. இயற்கை தன் விதிகளை நம்முடைய சௌகரியத்துக்காக ஒரே அச்சில் வார்த்துவைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

நிரூபணத்துக்கு முதல் வழியைத் திறந்தது, ஒன்றும் நிகழாமற்போன ஒரு பரிசோதனை. அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், ஒரு வெள்ளிக் குவளைக்கு மின்னூட்டம் ஏற்றி, பட்டு நூலில் கட்டிய தக்கை உருண்டையை அதனுள் இறக்கிப் பார்த்தார். குவளைக்கு வெளியே வைத்தால் ஓடிச்சென்று ஒட்டிக்கொள்ளும் அந்தத் தக்கை, உள்ளே சென்றதும் எந்தப் பக்கமும் சாயாமல் சும்மா தொங்கியது. குவளையின் அடியைத் தொடச்செய்து வெளியே எடுத்தபோதும் அதில் மின்னூட்டம் ஏறியிருக்கவில்லை. 1755இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிட்ட ஃபிராங்க்ளின், இதற்குக் காரணம் தமக்கு விளங்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பின்னர் இங்கிலாந்தில் தம் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லியிடம் இதை மீண்டும் செய்து பார்க்குமாறு அவர் கேட்டுக்கொள்ள, பிரீஸ்ட்லி 1766ஆம் ஆண்டின் இறுதியில் அவ்விதமே செய்து, அதே முடிவைக் கண்டு, மறு ஆண்டில் வெளியிட்ட மின்சார சரித்திர நூலில் ஒரு துணிவான கேள்வியை எழுப்பினார்: உள்ளீடற்ற கோளத்தின் உட்புறத்தில் புவியீர்ப்பு இராது என்று நியூட்டன் காட்டியிருக்க, மின்னூட்டிய பாத்திரத்தின் உட்புறத்திலும் விசை இல்லையென்றால், மின்விசையும் புவியீர்ப்பைப் போலவே தூரத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது என்று கொள்ளலாம் அல்லவா? குவளை கோளம் அன்று. ஆகவே இந்தத் தர்க்கத்தில் ஓட்டை உண்டு. ஆயினும், தக்கையின் அசையாமையில் ஒரு கணித விதியைக் கண்ட கூர்மதியை மெச்சாமல் இருக்க முடியாது.

நியூட்டனின் தர்க்கத்தை இங்கே சற்று நின்று நோக்குதல் தகும். இந்த அத்தியாயம் முழுவதற்கும் உயிர்நிலை அதுவே. உள்ளீடற்ற ஒரு கோளத்தின் பரப்பெங்கும் மின்னூட்டம் சமமாகப் பரவியிருப்பதாகக் கொள்வோம். அதன் உள்ளே, மையத்தில் அன்றி, ஒரு சுவருக்கு நெருக்கமாக ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு, அப்புள்ளியிலிருந்து எதிரெதிர்த் திசைகளில் இரண்டு குறுகிய கூம்புகளை வரைவோம். ஒரு கூம்பு பக்கத்துச் சுவரில் ஒரு சிறு வட்டத்தையும், மற்றது தூரத்துச் சுவரில் ஒரு பெரிய வட்டத்தையும் வெட்டும். தூரத்துச் சுவர் மூன்று மடங்கு தொலைவில் இருந்தால், அங்கே வெட்டப்படும் பரப்பு ஒன்பது மடங்கு. ஆகவே அதிலுள்ள மின்னூட்டமும் ஒன்பது மடங்கு. விசை தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையுமானால், அந்த ஒன்பது மடங்கு மின்னூட்டத்தின் வலு ஒன்பதில் ஒன்றாகக் குறைந்து, பக்கத்துச் சிறு வட்டத்தின் வலுவுக்குச் சரிசமமாகி, இரண்டும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று முற்றிலும் அழித்துவிடும். கோளத்தின் பரப்பு முழுவதையும் இவ்விதமே இணை இணையாகப் பிரித்துவிடலாமாகையால், உள்ளே எந்த இடத்திலும் விசை மிச்சமிராது. விசை இதைவிட வேகமாகக் குறைந்தால் பக்கத்துச் சுவர் வென்றுவிடும். மெதுவாகக் குறைந்தால் தூரத்துச் சுவர் வென்றுவிடும். பரப்பு வளர்வதும் விசை தளர்வதும் ஒரே அடுக்கில் இருந்தாலன்றி உள்ளே அமைதி நிலவாது. அந்த அடுக்கு 2 ஒன்றே.

இதன் சிறப்பு யாதெனில், விசையை அளக்கவேண்டிய தொல்லையே இதில் இல்லை. சிறிதும் பெரிதுமான விசைகளை அளந்து ஒப்பிடும்போது, அளவுகோலின் பிழையும் தராசின் பிழையும் விடையில் வந்து கலந்துவிடும். இங்கேயோ, இருக்கிறதா இல்லையா என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். எவ்வளவு நுண்ணிய கருவியால் பார்க்கிறோமோ அவ்வளவுக்கு விதி உறுதிப்படும்.

இந்த யுக்தியைக் கையாண்டு 1772ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனில் பரிசோதனை தொடங்கியவர் ஹென்றி கேவண்டிஷ். பிரபு வம்சத்தில் பிறந்து பெருஞ்செல்வத்துக்கு உரியவராகியும், மனிதர்களைக் கண்டால் கூசி ஒதுங்கும் சுபாவம் படைத்த அவர், பன்னிரண்டு அங்குலத்துக்குச் சற்றே அதிகமான விட்டமுள்ள ஒரு கோளத்தை, அரக்குப் பூசிய கண்ணாடிக் கோலில் நிறுத்தி, அதைத் தொடாமல் மூடிக்கொள்ளும்படி அட்டையாலான இரண்டு அரைக்கோளங்களை மரச்சட்டங்களில் பொருத்தினார். எல்லாவற்றின் மேலும் வெள்ளீயத் தகடு ஒட்டப்பட்டது. உட்கோளத்தையும் வெளிக்கோளத்தையும் ஒரு கம்பியால் இணைத்து, வெளிக்கோளத்துக்கு மின்னூட்டம் ஏற்றி, பட்டு நூலால் அந்தக் கம்பியை வெளியே இழுத்துவிட்டு, அரைக்கோளங்களை இரு பக்கமும் திறந்து, உள்ளே இருந்த கோளத்தின் மேல் இரண்டு நெட்டிப் பந்துகளைத் தொடவைத்தார். கம்பி வழியாக உட்கோளத்துக்குச் சிறிதேனும் மின்னூட்டம் சென்றிருந்தால் பந்துகள் விலகியிருக்கும். விலகவில்லை. தம் பந்துகளுக்கு எவ்வளவு சிறிய மின்னூட்டம் வரை புலனாகும் என்பதையும் அவர் தனியே சோதித்து, வெளிக்கோளத்தில் உள்ளதில் அறுபதில் ஒரு பங்குகூட உட்கோளத்தில் இல்லை என்று கண்டு, அதிலிருந்து, தூரத்தின் அடுக்கு 2இலிருந்து ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் வேறுபட முடியாது என்று கணக்கிட்டார்.

கணக்கிட்டு, காகிதத்தில் எழுதி, பெட்டியில் வைத்து மூடிவிட்டார். எவரிடமும் சொல்லவில்லை, எங்கும் பிரசுரிக்கவில்லை. 1810இல் அவர் காலமாகி, மேலும் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழிந்து, ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் அந்தக் கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்து 1879இல் வெளியிட்டபோதுதான் உலகம் இதை அறிந்தது. ஸ்காட்லாந்தில் ஜான் ராபிசன் என்பவரும் 1769இலேயே விலகல் விசையை அளந்து 2.06 என்னும் அடுக்கைக் கண்டு, உண்மை 2தான் என்று ஊகித்திருந்தார்; அவரும் தம் முடிவை அச்சிட்டது அந்த நூற்றாண்டு கழிந்த பிறகே. கண்டதைச் சொல்லாதவர்களுக்கு விதியின் பெயர் கிடைக்கவில்லை என்பதில் அநீதி ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிறர் சோதித்துப் பார்க்க இடமில்லாத உண்மை, விஞ்ஞானத்தின் பொதுச் சொத்தில் இன்னும் சேராத உண்மையே.

சார்லஸ் அகஸ்டின் கூலூம் முற்றிலும் வேறு வகையான மனிதர். 1736இல் பிரான்ஸ் தேசத்து அங்கூலேம் நகரில் பிறந்து, இராணுவப் பொறியியல் பயின்று, மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்ட்டினிக்கில் எட்டு ஆண்டுகள் கோட்டை கட்டும் பணியில் உழன்று, உடல் நலம் கெட்டுத் தாயகம் திரும்பியவர். மண்ணின் அழுத்தம், மரச்சட்டங்களின் பலம், உராய்வு ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதியவை இன்றும் பொறியியலாளர் போற்றுபவை. கருவிகளின் இயல்பைக் கையால் உணர்ந்த இந்த மனிதர், மெல்லிய உலோகக் கம்பியை முறுக்கினால் அது திரும்ப அவிழ்வதற்குக் காட்டும் வலு, முறுக்கிய கோணத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்பதை 1784இல் துல்லியமாக நிலைநாட்டினார். அதன் பயன் உடனே தெரிந்தது: தட்டும் படிக்கல்லும் இல்லாமல், கோணத்தைப் படித்தே மிகச் சிறிய விசையை நிறுத்துவிடலாம்.

1785இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் அவர் விவரித்த முறுக்குத் தராசு இவ்விதிக்கென்றே பிறந்தது. பன்னிரண்டு அங்குல உயரமும் அதே விட்டமும் உள்ள ஒரு கண்ணாடி உருளை. அதன் மூடியின் நடுவே மேல்நோக்கிய ஒரு கண்ணாடிக் குழல். குழலின் உச்சியில், பாகைகள் குறிக்கப்பட்டுச் சுழலக்கூடிய ஒரு குமிழ். அக்குமிழிலிருந்து உருளையின் நடுப்பகுதி வரை தொங்கும் மிக மெல்லிய வெள்ளிக் கம்பி. கம்பியின் அடியில் கிடையாக ஒரு ஊசி. ஊசியின் ஒரு முனையில் சிறு நெட்டிப் பந்து. மறு முனையில் அதற்கு எதிரெடையாகவும், ஊசி வீணே ஆடாமல் தடுப்பதற்காகவும், கற்பூரத் தைலத்தில் தோய்த்த ஒரு காகிதத் தட்டு. மூடியில் உள்ள துளை வழியே இன்னொரு நெட்டிப் பந்தை உள்ளே நிலையாக நிறுத்தினால் கருவி ஆயத்தம். அந்தக் கம்பியை ஒரு முழுச் சுற்று முறுக்குவதற்கு ஊசியின் முனையில் ஒரு மில்லிகிராமின் ஆறில் ஒரு பங்கு எடைக்கு நிகரான விசையே போதுமாயிருந்தது என்பதிலிருந்து அதன் நுட்பத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டு பந்துகளும் முதலில் தொட்டுக்கொண்டிருக்கும். மின்னூட்டம் பெற்ற ஒரு குண்டூசித் தலையால் அவற்றைத் தீண்டினால், இரண்டும் ஓரின மின்னூட்டத்தைப் பகிர்ந்துகொண்டு விலகி, கம்பியின் முறுக்கு விலகல் விசைக்கு ஈடாகும் இடத்தில் வந்து நிற்கும். முதல் தடவை அவை 36 பாகை விலகி நின்றன. முறுக்கும் 36 பாகை. பிறகு உச்சிக் குமிழை எதிர்த்திசையில் 126 பாகை திருப்பியபோது, பந்துகள் 18 பாகை இடைவெளிக்கு நெருங்கின. குமிழ் திருப்பியது 126, ஊசி விலகி நிற்பது 18, ஆக மொத்த முறுக்கு 144. இது 36இன் நான்கு மடங்கு. தூரம் பாதியாக, விசை நான்கு மடங்காயிற்று! மூன்றாவதாகக் குமிழை 567 பாகை வரை திருப்ப, இடைவெளி எட்டரைப் பாகையாகச் சுருங்கியது. மொத்த முறுக்கு 575.5. முதல் தூரத்தில் கால் பங்காகிய 9 பாகைக்கு உரிய கணக்கு 576.

இந்த எண்களின் அழகில் மயங்கிவிடாமல் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. மூன்றாம் அளவையில் இடைவெளி 9 பாகை அன்று, எட்டரை. எட்டரைக்கு வர்க்க விதிப்படி வரவேண்டிய முறுக்கு ஏறத்தாழ 646, கிடைத்தது 575.5, பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. மின்னூட்டம் சிறிது கசிந்தது உண்மையே. ஆனால் கூலூம் வேகமாக அளந்தவராகையால், கசிவு ஒன்றே இக்குறைவு முழுவதற்கும் காரணமாயிராது. பந்துகள் மிக நெருங்கும்போது அவற்றின் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கித் தத்தம் பந்தின் அப்புறத்துக்கு ஒதுங்குகின்றன. ஆகவே மின்னூட்டங்களுக்கு இடையே உள்ள உண்மைத் தூரம், பந்துகளின் மையங்களுக்கு இடையே நாம் அளக்கும் தூரத்தைவிடச் சற்று அதிகம். விதி புள்ளிகளுக்குச் சொல்லப்பட்டது; பந்துகள் புள்ளிகள் அல்ல. ஜெர்மனியில் பீட்டர் ஹீரிங் என்பவர் இதே தராசைப் புதிதாகச் செய்து பார்த்து, அவ்வளவு ஒழுங்கான எண்கள் தமக்குக் கிடைக்கவில்லை என்று 1992இல் எழுதினார். ஆல்பர்ட்டோ மார்ட்டினெஸ் என்பவரோ, கூலூமின் குறிப்புகளைக் கூர்ந்து பின்பற்றினால் கிடைக்கின்றன என்று 2006இல் எழுதினார். இவ்வழக்கில் எனக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை. ஆனால் இந்த மூன்று எண்கள் மட்டுமே விதிக்கு ஆதாரம் என்றிருந்தால், நான் அதைச் சந்தேகத்துடனேயே ஏற்றுக்கொண்டிருப்பேன்.

ஈர்ப்பு விசைக்கு இந்தத் தராசு நேராக உதவவில்லை. வேற்றின மின்னூட்டம் பெற்ற பந்துகள் ஓர் எல்லைக்குமேல் நெருங்கியதும் முறுக்கை மீறிப் பாய்ந்து ஒட்டிக்கொண்டன. கூலூம் வேறொரு யுக்தி செய்தார். ஒரு பெரிய மின்னூட்டிய கோளத்துக்கு எதிரில், முனையில் வேற்றின மின்னூட்டம் பெற்ற சிறு தட்டையுடைய ஊசியைப் பட்டு நூலில் கிடையாகத் தொங்கவிட்டு, அதைச் சற்றே அசைத்து, அதன் ஊசலாட்டங்களுக்கு ஆகும் காலத்தை எண்ணினார். விசை அதிகமானால் ஊசலாட்டம் விரையும். விசை தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமானால் ஊசலாட்டக் காலம் தூரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கவேண்டும். கோளத்தின் மையத்திலிருந்து 9, 18, 24 அங்குலங்களில் பதினைந்து ஊசலாட்டங்களுக்கு 20, 41, 60 விநாடிகள் ஆயின. விதிப்படி 20, 40, 54 ஆகியிருக்கவேண்டும். கடைசி எண்ணில் காணும் மிகையை அவர் கசிவின் பேரில் கணக்கெழுதினார்.

இனி விதியின் மற்றொரு பாதிக்கு வருவோம். மின்னூட்டத்துக்கு நேர்விகிதம் என்பது பார்வைக்கு எளியது. யோசித்தால் அதுவே அதிகச் சிக்கலானது. தூரத்தை அளக்கக் கோல் இருக்கிறது. மின்னூட்டத்தை அளக்க எது இருக்கிறது? அது செலுத்தும் விசையைக் கொண்டே அதை அளப்போமானால், விசை மின்னூட்டத்துக்கு நேர்விகிதம் என்று சொல்வது, சொன்னதையே திரும்பச் சொல்வதாகிவிடும். இச்சிக்கலை அவிழ்க்கும் வழி கூலூமின் கையில் இருந்தது. எல்லா வகையிலும் ஒத்த இரண்டு உலோகக் கோளங்களை எடுத்து, ஒன்றுக்கு மட்டும் மின்னூட்டம் ஏற்றி, மின்னூட்டமற்ற மற்றதைக் கொண்டு தொட்டுப் பிரித்தால், ஒன்றுக்கு அதிகமும் மற்றதற்குக் குறைவும் போவதற்குக் காரணமே இல்லாமையால், இரண்டும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டாக வேண்டும். இவ்விதம் விசையை அளக்காமலே மின்னூட்டத்தைப் பாதியாகவும், மறுபடி தொட்டுக் கால் பங்காகவும் வகுக்கலாம். அப்படி வகுத்தபின் விசையை அளந்தால், அதுவும் பாதியாகவும் கால் பங்காகவும் குறைகிறது. இரண்டு பந்துகளிலும் பாதி பாதியாகக் குறைத்தால் விசை நான்கில் ஒன்றாகும். கூட்டல் அன்று, பெருக்கல் என்பதற்கு இதுவே சான்று. ஆயினும் கூலூமே இப்பகுதியைத் தனியாக நிரூபிக்கவேண்டியதாகக் கருதவில்லை. தூரத்தின் விதிக்குச் செலவிட்ட உழைப்பில் சிறு பங்கும் இதற்குச் செலவிடாமல், இது வெளிப்படை என்று சொல்லிக் கடந்துவிட்டார்.

அவர் காலத்தில் அது வெளிப்படையாகத் தோன்றியிருக்கலாம். நமக்கோ வேறு ஓர் ஆதாரம் கிடைத்துவிட்டது. மின்னூட்டம் பாகுபாடின்றிப் பெருகிச் சுருங்கும் திரவம் அன்று, எண்ணக்கூடிய அணுக்கூறுகளின் தொகுதி என்பதை மில்லிகன் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு 1909 முதல் செய்த பரிசோதனைகள் தெளிவாக்கின. எலக்ட்ரான்களைத் தலைக்கட்டாக எண்ணி மின்னூட்டத்தைச் சொல்லிவிடலாமென்றால், விசை அவ்வெண்ணிக்கைகளின் பெருக்கற்பலனைத் தொடர்வது வெறும் இலக்கணமாக இராமல், பரிசோதனைக்கு உரிய உண்மையாகிறது. இதில் மாணாக்கர் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்றுண்டு. பெரிய மின்னூட்டம் சிறிய மின்னூட்டத்தை அதிகமாக விலக்கும், சிறியது பெரியதைக் குறைவாகவே விலக்கும் என்று எண்ணுவது இயல்பு. பெருக்கற்பலனில் எதை முதலில் எழுதினாலும் விடை ஒன்றே. இரண்டின் மேலும் சரிசமமான விசையே எதிரெதிர்த் திசைகளில் செயற்படுகிறது.

விசையின் மொத்த அளவை எண்ணிப் பார்த்தால் பிரமிப்பு உண்டாகிறது. மின்னூட்டத்தின் அலகுக்குக் கூலூம் என்றே பெயர்; ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு விநாடியில் கொண்டுசெல்லும் மின்னூட்டம் அது. வீட்டில் எரியும் நூறு வாட் பல்பின் வழியே இரண்டு மூன்று விநாடிகளுக்குள் அவ்வளவு மின்னூட்டம் கடந்து செல்கிறது. அத்தகைய ஒரு கூலூமை ஓர் இடத்திலும் இன்னொரு கூலூமை ஒரு மீட்டர் தள்ளியும் தனித்து நிறுத்த முடியுமானால், அவை ஒன்றையொன்று ஏறத்தாழ 900 கோடி நியூட்டன் விசையுடன், அதாவது 9 லட்சம் டன் எடையின் வலுவுடன் தள்ளும். நிறுத்த முடியாது என்பதே நம் பாக்கியம். பல்பின் கம்பி வெடித்துச் சிதறாததற்குக் காரணம், அதில் ஓடும் எலக்ட்ரான்களின் மின்னூட்டத்தை அங்கேயே அசையாமல் இருக்கும் அணுக்கருக்களின் நேர் மின்னூட்டம் துல்லியமாக ஈடு செய்துவிடுவதே. மேசையின் மேல் நாம் கையாளக்கூடிய அளவு இதைவிட மிகச் சிறியது: ஒரு கூலூமில் பத்துக் கோடியில் ஒரு பங்கு பெற்ற இரண்டு சிறு பந்துகள் 3 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால், விசை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு எடைக்குச் சமம், 6 சென்டிமீட்டரில் அதில் கால் பங்கு, 1 சென்டிமீட்டரில் அதன் ஒன்பது மடங்கு.

அணுவின் உள்ளே போனால், ஹைட்ரஜனில் புரோட்டானும் எலக்ட்ரானும் ஒன்றையொன்று மின்விசையால் ஈர்ப்பது, அவை புவியீர்ப்பு வகையால் ஈர்த்துக்கொள்வதைப்போல, 2 என்னும் எண்ணுக்குப்பின் முப்பத்தொன்பது சுழியங்கள் இட்டால் வரும் மடங்குக்கும் அதிகம். இரண்டு விசைகளும் தூரத்தைப் பொறுத்து ஒரே விதமாகக் குறைவதால், அவற்றை எவ்வளவு அகற்றினாலும் நெருக்கினாலும் இந்த விகிதம் மாறாது. இப்படியிருந்தும் கிரகங்களை ஆள்வது புவியீர்ப்பே. நிறையில் நேர், எதிர் என்னும் பேதம் இல்லை. சேரச் சேர அது கூடிக்கொண்டே போகும். மின்னூட்டமோ சேரச் சேரத் தன்னைத்தானே ஈடுசெய்துகொண்டு மறைந்துவிடுகிறது.

மறைந்துவிட்டாலும் முற்றிலும் மறைவதில்லை என்பதற்குச் சாட்சியாகவே, முன்னே குறிப்பிட்ட காகிதத் துணுக்குகள் மின்னூட்டிய பொருளை நோக்கிப் பாய்கின்றன. எதிர் மின்னூட்டம் பெற்ற அரக்குக் கோல் அருகில் வந்ததும், காகிதத்தின் அணுக்களில் உள்ள எலக்ட்ரான்கள் இம்மியளவு அப்பால் நகர்கின்றன. கோலை நோக்கிய புறத்தில் நேர் மின்னூட்டமும் மறுபுறத்தில் எதிர் மின்னூட்டமும் தலைகாட்டுகின்றன. இரண்டும் அளவில் சமம். விசை தூரத்தைப் பொருட்படுத்தாததாயிருந்தால் ஈர்ப்பும் விலகலும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, காகிதம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஆனால் ஈர்க்கப்படும் பகுதி ஒரு நூலிழை அளவு அருகிலும், விலக்கப்படும் பகுதி அந்த அளவு தொலைவிலும் இருப்பதால், ஈர்ப்பு வென்றுவிடுகிறது. கோல் நெருங்க நெருங்கக் காகிதத்தில் தோன்றும் மின்னூட்டமும் வளர்கிறது. இவ்விரண்டு காரணங்களும் சேர்ந்து, மிகச் சிறிய துணுக்கின் மேல் உள்ள ஈர்ப்பைத் தூரத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறச்செய்கின்றன. தூரம் இருமடங்கானால் விசை முப்பத்திரண்டில் ஒன்று. துணுக்கு வெகுநேரம் அசையாமல் கிடந்து, ஓர் எல்லை வந்ததும் திடீரென்று துள்ளுவது இதனால்தான். இந்த ஈர்ப்பைத் தராசில் நிறுத்து மூலவிதியைக் காண விரும்பியவர்கள் வழிதவறியதும் இதனால்தான்.

இடையில் இருக்கும் பொருளுக்கும் இக்கணக்கில் பங்குண்டு. இதுவரை சொன்ன எண்கள் வெற்றிடத்துக்கும், ஏறக்குறைய அதே அளவில் காற்றுக்கும் பொருந்துவன. அதே மின்னூட்டங்கள் மண்ணெண்ணெயில் மூழ்கியிருந்தால் விசை பாதியாகவும், தண்ணீரில் மூழ்கியிருந்தால் எண்பதில் ஒன்றாகவும் குறைகிறது. தண்ணீரின் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு முனையில் நேராகவும் மறு முனையில் எதிராகவும் இருப்பதால், அவை மின்னூட்டத்தைச் சூழ்ந்து முகம் திருப்பி நின்று அதன் வலுவை வெளியே விடாமல் தடுக்கின்றன. சமையல் உப்பின் படிகம் சோடியம் அயனிகளும் குளோரின் அயனிகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதால் நிற்பது. அது மண்ணெண்ணெயில் கரையாமல் அப்படியே கிடப்பதும், தண்ணீரில் இட்டதும் கரைந்து மறைவதும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டின் விளைவே. மூலக்கூறுகளின் நெருக்கத்துக்குப் போனால் எண்பது என்னும் எண் அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆனால் போக்கு அதுதான்.

இனி எஞ்சியிருப்பது, இவ்விதி எதுவரை செல்லும் என்பது. மிகச் சிறிய தூரங்களுக்கு ரூதர்ஃபோர்டு சாட்சி. தங்கத் தகட்டின் மேல் பாய்ந்த ஆல்ஃபா துகள்களில் சில பின்னோக்கித் திரும்பியதைக் கண்ட அவர், அணுவின் நேர் மின்னூட்டம் முழுவதும் ஒரு சிறு கருவில் குவிந்திருப்பதாகவும், அங்கேயும் வர்க்க விதியே ஆள்வதாகவும் கொண்டு, எந்தக் கோணத்தில் எத்தனை துகள் சிதறும் என்று 1911இல் கணக்கிட்டார். கைகரும் மார்ஸ்டனும் மான்செஸ்டரில் இருட்டறையில் அமர்ந்து ஒளிப்பொட்டுகளை எண்ணி, கணக்கு ஒத்திருப்பதாக 1913இல் அறிவித்தனர். ஒரு சென்டிமீட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் மூன்று பங்கு தூரம் வரை விதி பிறழவில்லை. அதற்கும் உள்ளே, 1919இல் ஹைட்ரஜனில் ஆல்ஃபா துகள்களை மோதவிட்டபோது, கணக்கு மாறத் தொடங்கியது; மின்விசை தளர்ந்ததனால் அன்று, கருவுக்கே உரிய வேறொரு விசை இடையே புகுந்ததனால்.

அடுக்கின் துல்லியத்தைச் சோதித்தவர்களோ, பெரும்பாலும் கேவண்டிஷின் வழியிலேயே சென்றனர். மாக்ஸ்வெல் அந்தப் பழைய பரிசோதனையை நுண்ணிய மின்மானியுடன் மீண்டும் செய்து, 2இலிருந்து வேறுபாடு இருந்தால் அது 21,600இல் ஒரு பங்குக்கு மேல் இராது என்றார். 1936இல் அமெரிக்காவில் பிளிம்ப்டன், லாட்டன் என்னும் இருவர் அதை நூறு கோடியில் இரண்டு பங்குக்குச் சுருக்கினர். 1971இல் அதே நாட்டில் வில்லியம்ஸ், ஃபாலர், ஹில் என்னும் மூவர், ஒன்றனுள் ஒன்றாக அமைந்த ஐந்து உலோகக் கூடுகளைக் கொண்டு, வெளிக்கூடுகளுக்கு விநாடிக்கு நாற்பது லட்சம் தடவை திசை மாறும் மின்னழுத்தத்தைக் கொடுத்து, உள்ளே ஏதேனும் தென்படுகிறதா என்று காத்திருந்தனர். அவர்கள் வெளியிட்ட வேறுபாடு, தசமப் புள்ளிக்குப் பின் பதினைந்து சுழியங்கள் கடந்து வரும் 2.7, அளவையின் பிழை வரம்பு, அதே இடத்தில் 3.1. பிழை விடையைவிடப் பெரியதாகையால், அவர்களும் கூட்டினுள் ஒன்றையும் காணவில்லை.